கம்பெனி மான்மியம்

ஆராய்ச்சிக்குத் தகுதியுடைய விஷயங்கள் அனைத்தையும் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டுவிட்டபடியால், பாமர ஜனங்களின் நாவில் நாள்தோறும் நூறு தடவை புரண்டும் எந்த வித்துவானுடைய திருஷ்டியும் படாமல் கிடக்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு விசாரணை செய்வதென்று நாம் துணிந்தோம். 'கம்பெனி' என்பது அச்சொல். விசாரணைக்குரிய க்ஷேத்திரமாக நாம் வரித்துக்கொண்டது, ஒசூரிலிருந்து ராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள உத்தனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் இப்பிரதேசத்தில், மாமன் தெலுங்கில் வினவ மருமகன் தமிழில் விடையிறுப்பதும், கன்னடத்தில் தொடங்கிய வசவு வேறொரு பாஷையில் பூர்த்தியாவதும் சாதாரணமாகையால், மூவருக்கும் பொதுவாய், மொழிபெயர்ப்பு வேண்டாததாய் நிலவும் சொல் எது என்று ஆராய்வது சுலபம். அவ்வாறு ஆராய்ந்ததில் முதலிடம் பெற்றது இச்சொல்லே.

முதற்கண் ஓர் உதாரண வாக்கியத்தைச் சமர்ப்பிக்கிறோம். கூட்ரோட்டு டீக்கடைப் பலகையில் வீற்றிருந்த ஒரு மூதாட்டி, பேரனைக் குறித்துத் தம்மினும் மூத்தவள் ஒருத்தியிடம் முறையிட்டது இது: "கம்பெனிக்குப் போறவன் காலையில கம்பெனி பஸ்ஸை வுட்டுட்டான் அக்கா; வண்டியில போடான்னா, கம்பெனி செயின் போடாம டூப்ளிகேட் போட்டு வெச்சிருக்கான், அது அறுந்துபோச்சு; சரி வூட்டுல கெடடான்னா, கூட்டாளிக்குக் கம்பெனி குடுக்கறேன்னு ராயக்கோட்டைக்குப் போயிட்டான்; இங்க சீட்டுக் கம்பெனிக்காரன் வாசப்படியில வந்து நிக்கறான்."

ஒரே மூச்சில் ஐந்து முறை வந்த இச்சொல், முதலில் இடத்தையும், அடுத்து உடைமையையும், மூன்றாவதாக அசல் என்னும் குணத்தையும், நான்காவதாகத் தோழமையையும், ஐந்தாவதாக அச்சத்தையும் உணர்த்திற்று. கேட்டவள் ஒரு கணமேனும் மயங்கினாளில்லை. "அய்யோ பாவம்" என்று மட்டும் சொல்லி, டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டாள். அந்தப் பன்னுக்கு நம் ஆராய்ச்சியில் இடம் உண்டாகையால், வாசகர்கள் அதை அலட்சியம் செய்யலாகாது.

கம்பெனி என்பது ஆங்கிலேயருக்கும் சொந்தச் சொல் அன்று. அவர்கள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து வாங்கியது, பிரெஞ்சுக்காரரோ இலத்தீனிலிருந்து வாங்கியது. இலத்தீனில் 'கோம்' என்றால் உடன். 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஆக, உடனிருந்து ரொட்டி தின்போர் கூட்டமே கம்பெனி என்பது தாத்பரியம். இதே பானிஸ், போர்த்துகேசியர் நாவில் குறுகிச் சிதைந்து கப்பலேறி ஈழத்தை அடைந்து 'பாண்' ஆயிற்று. கொழும்பு மாநகரில் கொம்பனித்தெரு என்றொரு பகுதி இருப்பதும், டச்சுக்காரர் கம்பெனியின் பெயரால் அது வழங்குவதாகப் பெரியோர் கூறுவதும் பலர் அறிந்தவையே. அங்குள்ள பேக்கரி ஒன்றில் ஒருவர் ஒரு றாத்தல் பாண் வாங்குவாராயின், எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்துபோன இரு சகோதரர்கள் அவருடைய பையிலும் அக்கடையின் முகவரியிலுமாகச் சந்திக்கிறார்கள் என்பதை அவர் அறியார். நம் பக்கத்திலோ ரொட்டி ஆதியில் இல்லை. கேழ்வரகுக் களியே இருந்தது. கன்னடத்தார் அதை முத்தெ என்பர், தெலுங்கர் சங்கட்டி என்பர். களியைக் கூடியுண்போருக்கு ஒரு தனிப்பெயரை நம் முன்னோர் வைத்துவிட்டுப் போயிருந்தால், லண்டன் பங்குச் சந்தையில் இன்று வேறு விதமான பலகைகள் தொங்கியிருக்கும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் எத்தனை வேஷம் போட்டிருக்கிறது என்பதை விரிக்கின் பெருகும். வீட்டில் கம்பெனி இருக்கிறது என்றால் விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்பது பொருள். கப்பலின் கம்பெனி என்றால் அதன் மாலுமிகள். நூறு பேருக்கு மேற்பட்ட சிப்பாய்கள் ஒரு காப்டனின் கீழ் நின்றால் அதுவும் கம்பெனி. லண்டனில் தட்டாருக்கும் உப்பு வணிகருக்கும் மீன் வணிகருக்கும் தனித்தனிக் கம்பெனிகள் இருந்தன. மீன் விற்பதை எந்நாளோ விட்டுவிட்ட மீன் வணிகர் கம்பெனி, விருந்துண்பதை மட்டும் விடாமல் இன்றளவும் ஜீவித்திருப்பது, இச்சொல்லின் உணவு சம்பந்தத்துக்கு ஒரு நற்சாட்சி. சாஸர் என்னும் பழங்கவிஞர், ஐந்து கணவரை முறைப்படி மணந்த பாத் நகரத்து மாது ஒருத்தியை வர்ணிக்குமிடத்து, இளமையில் அவளுக்கிருந்த இதர 'கம்பெனி'யைப் பற்றிப் பேசாமல் நாசூக்காக நழுவுகிறார். அவ்விடத்தில் அச்சொல் எதைக் குறிக்கிறதென்று விளக்குவது இத்தகைய ஆய்வுக்கு அழகன்று. பிற்காலத்தில் ஒரு வாலிபன் ஒரு கன்னிகையோடு கம்பெனி வைத்திருக்கிறான் என்றால், விரைவில் மாதாகோயிலில் மணியடிக்கும் என்று ஊரார் கொண்டார்கள். இப்பொருள் மட்டும் உத்தனப்பள்ளிக்கு வந்து சேரவில்லை. இங்கே ஒருவன் ஒருத்தியைக் கம்பெனியில் சந்திப்பதும், இருவரும் ஒரே ஷிஃப்ட் கேட்டு வாங்குவதும், கம்பெனி பஸ்ஸில் அடுத்தடுத்த ஸீட்டில் அமர்வதும் உண்டாயினும், அதற்கு வேறு பெயர்.

இனித் தமிழகத்து வரலாற்றுக்கு வருவோம். 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் எலிசபெத் ராணியிடம் சாசனம் பெற்ற வர்த்தகர் கூட்டத்தை நம்மவர் கம்பெனி என்று அழைக்கவில்லை, 'கும்பினி' என்றார்கள். பன்மையில் மரியாதையாகக் 'கும்பினியார்'. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாருக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த தினப்படிக் குறிப்புகளின் உலகமே கும்பினி உலகம். கன்னடத்தில் அது 'கும்பணி'. தெலுங்கிலும் கிட்டத்தட்ட அவ்வாறே. மூன்று மொழியாரும் கூடிப் பேசி வைத்ததுபோல் முதலெழுத்தில் உகரத்தை ஏற்றியிருப்பது ஆழ்ந்த சிந்தனைக்குரியது. எம் சித்தாந்தம் இதுதான்: அவ்வமைப்பு வரி வசூலித்துக்கொண்டிருந்த காலம்வரை உகரம்; சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும் அகரம். வாயைக் குவித்துச் சொல்லிய ஜனங்கள் வாயைத் திறந்து சொல்லத் துணிந்ததற்கு வேறு முகாந்திரம் எமக்குப் புலப்படவில்லை. மொழிநூலார் ஆட்சேபிப்பார்கள், ஆட்சேபிக்கட்டும்.

இவ்வூர்ச் சுற்றுவட்டாரத்தில் கும்பினியின் பிரவேசம் சரித்திரப் பிரசித்தம். 1791-இல் ராயக்கோட்டை மலைக்கோட்டையைக் கும்பினிச் சேனை பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் ராயக்கோட்டையை உள்ளிட்ட பாரமகால் சீமையை விட்டுக்கொடுக்க, காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவர் நிர்வாகியாக வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் சென்னை மாகாணத்துக் கவர்னராகி, இன்று சென்னைத் தீவுத்திடலருகே சேணமற்ற குதிரைமேல் சிலையாக வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ. ஆனால் ஒசூர்ச் சீமை மட்டும் 1799 வரையில் திப்புவிடமே இருந்தது. அதாவது ஏழாண்டுக் காலம், ராயக்கோட்டையில் நின்றவன் கும்பினிக்கு உள்ளே. ஒசூரில் நின்றவன் கும்பினிக்கு வெளியே. இரண்டிற்கும் நடுவே சாலையோரத்தில் இருந்த உத்தனப்பள்ளிக்காரனிடம், "நீ கும்பினி ஆளா, இல்லையா?" என்னும் வினாவைக் கையில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கேட்டிருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பெருஞ்சேனை ராயக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் வழியாக மேற்கு நோக்கி நகர்ந்தது. மே மாதம் 4-ஆம் தேதி திப்பு வீழ்ந்தார். வினாவும் அத்தோடு தீர்ந்ததென்று சரித்திரக்காரர் எண்ணினர். அவர்கள் எண்ணம் பிழை என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

ரீடும் மன்றோவும் செய்த முதற்காரியம் நிலத்தை அளந்தது. குடியானவனிடமே நேராக வரி வசூலிக்கும் ரயத்துவாரி முறை என்று பின்னாளில் மாகாணமெங்கும் பரவிய ஏற்பாடு இப்பாரமகாலில்தான் முளைவிட்டது. நிலத்தை அளப்பது இன்றும் ஓயவில்லை: அரசாங்கத் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டின் விஸ்தரிப்புக்காக நிலம் எடுக்கிறார்கள் என்ற செய்தி எழுந்தபோது இவ்வட்டாரத்து விவசாயிகள் வீதிக்கு வந்து எதிர்த்தது சமீபத்திய விஷயம். சங்கிலி பிடித்து அளக்க வருபவன் எந்தக் கம்பெனியைச் சேர்ந்தவனாயினும், ரோஜாவும் தக்காளியும் போட்டவன் அவனைப் பிரியத்தோடு நோக்குவதில்லை.

அக்காலத்துக் கும்பினியாரிடம் ஃபாக்டரிகளும் இருந்தன. 1611-இலேயே மசூலிப்பட்டணத்தில் ஒன்று. ஆனால் அவற்றில் சக்கரமில்லை, புகைபோக்கியில்லை. ஃபாக்டர் எனப்பட்ட வியாபார ஏஜெண்டுகள் குடியிருந்து துணிமூட்டைகளை அடுக்கிவைத்த கிடங்குகளே அவை. சாமான் செய்யும் இடம் என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆக, இங்கிலாந்தில் கூட்டத்தின் பெயர் கம்பெனி, கிடங்கின் பெயர் ஃபாக்டரி என்றிருக்க, உத்தனப்பள்ளியில் கட்டடமே கம்பெனி ஆகிவிட்டது. "கம்பெனிக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க," "கம்பெனிக்குப் பின்னாடி ஏரி," "கம்பெனி மேல மழை பேயுது" என்பன இங்கு இலக்கண சுத்தமான வாக்கியங்கள். அக்கட்டடத்துக்கு உடையவர்களான கூட்டத்தைக் குறிக்க 'மேனேஜ்மென்ட்' என்ற வேறொரு சொல்லை வைத்துக்கொண்டார்கள். 1971-இல் சிப்காட் பிறந்து, பின்னர் ஒசூரில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்து, இப்போது உத்தனப்பள்ளிக்கு அருகிலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் செல்போன் பாகங்கள் செய்கிற காலம்வரை, இச்சொல்லாட்சியில் மாறுதலில்லை. திருப்பூரில் பத்துத் தையல் மெஷின் போட்ட கொட்டகையும் பனியன் கம்பெனியாவது போலவே, இங்கும் சூளகிரிச் சாலையில் நான்கு லேத் போட்ட தகரக் கொட்டகை கம்பெனியே. அங்கு வேலை பார்ப்பவன் பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி என்று தரம் பிரிப்பானே தவிர, கம்பெனி அல்ல என்று ஒப்பான்.

போகிற போக்கில் ஒரு தற்செயல். 1602-இல் அமைந்த டச்சுக் கம்பெனியின் பெயரைச் சுருக்கி வி.ஓ.சி. என்று பீரங்கியிலும் காசிலும் பொறித்தார்கள். 1658-இல் அவர்கள் போர்த்துகேசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அதே தூத்துக்குடியில் 1906-இல், ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்க்க மற்றொரு கப்பல் கம்பெனி தொடங்கிய வக்கீலின் பெயரைச் சுருக்கினாலும் வி.ஓ.சி. என்றே வருகிறது. இதிலிருந்து ஏதாவது நிரூபணமாகுமா என்று நெடுநாள் யோசித்தோம், ஒன்றும் நிரூபணமாகாது. ஆயினும் விட்டுவிட மனமில்லை.

இலத்தீன் மூலத்துக்கு அணுக்கமாகத் தமிழர் இச்சொல்லை வழங்கியது நாடகக் கம்பெனிகளில்தான் என்பது எம் துணிபு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி முதலான சபைகளில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட ஏழைத் தாய்மார்கள் கலையை உத்தேசித்து விடவில்லை. வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும் என்றே விட்டார்கள். கம்பெனி வீட்டில் வரிசையாக அமர்ந்து உண்ட அச்சிறுவர்களில் ஒருவரான எம்.ஜி.ஆர்., முதலமைச்சரானபின் 1982-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். ரொட்டி சோறாயிற்றேயன்றி, கூடியுண்ணும் தத்துவம் பிறழவில்லை. பின்னர் சினிமாக் கம்பெனிகள் வந்தன. அங்கும் 'கம்பெனிச் சாப்பாடு' என்ற தொடர், நடிப்பினும் அதிகமான விமர்சனத்துக்கு உள்ளாயிற்று.

'கம்பெனி கொடுத்தல்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லி அப்பால் செல்வோம். இது, மதுபானம் செய்வாரோடு மதுபானம் செய்யாதார் அமர்ந்து, வேர்க்கடலையையும் அவித்த முட்டையையும் காலி செய்யும் தர்மகாரியம். ஒசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-இல் அவதரித்த ராஜாஜி, முதன்மந்திரியான 1937-இல், அக்காலத்தில் ஒசூர்ப் பகுதியும் உள்ளடங்கியிருந்த சேலம் ஜில்லாவிலேயே மதுவிலக்கை முதன்முதலாக அமல் நடத்தினார். ஆகவே இவ்வட்டாரத்தில் கம்பெனி கொடுப்பது ஒருகாலத்தில் சட்டத்துக்கு அஞ்சிச் செய்யவேண்டிய காரியமாயிருந்தது. இன்று அந்நிலை இல்லை. கொடுப்பவன் நிதானத்தோடிருந்து கூட்டாளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான் என்பது நியதி. மேற்படி மூதாட்டியின் பேரன் அறுந்த செயினோடு எப்படித் திரும்பினான் என்பது எம் ஆராய்ச்சி எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனிச் சட்டம். 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பொதுக் கம்பெனிக்கு ஏழு பேரும், பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு பேருமாவது வேண்டியிருந்தது. கூடியுண்ண இருவர் வேண்டும் என்னும் இலத்தீன் மரபு அதுவரை காப்பாற்றப்பட்டது. 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ 'ஒரு நபர் கம்பெனி' என்று ஒன்றைச் சிருஷ்டித்தது. ஒருவன் தனக்குத்தானே கம்பெனியாக இருந்து, தன்னோடு தானே ரொட்டி தின்று, தானே ஏப்பம் விடும் இவ்விநோத பிராணியைக் கண்டு அதிர்ச்சியடைய, இலத்தீன் அறிந்த ஒரு வக்கீல்கூடப் பார்லிமென்டில் இல்லாமற்போனது துர்ப்பாக்கியம்.

இதற்கு மாறாக, ரொட்டியின் நினைவைத் தன்னையறியாமல் போற்றிய சட்டமும் ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் இருக்கவேண்டுமென விதிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. இதனால் கேன்டீன் என்பது கம்பெனியின் அங்கமாயிற்று. உத்தனப்பள்ளி வாலிபர் இருவர் வேலையை ஒப்பிட்டுப் பேசுவதை யாரும் காது கொடுத்துக் கேட்கலாம். எந்த மெஷினில் நிற்கிறாய் என்ற கேள்வி அரை நிமிஷத்தில் முடியும். குழித்தட்டின் எந்தக் குழியில் என்ன விழுந்தது, சாம்பாரில் கத்தரிக்காய் தென்பட்டதா, முட்டை எந்தக் கிழமை, நைட் ஷிஃப்டில் பிஸ்கட் இரண்டா மூன்றா என்னும் விசாரம் பஸ் வரும்வரை நீளும். கம்பெனிச் சட்டம் மறந்த வேர்ச்சொல்லை இவர்கள் மறக்கவில்லை.

இங்குதான் 1792-ஆம் வருஷத்து வினா மறுபடி எழுகிறது: கம்பெனி ஆள் யார்? ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே கேட்டில் கார்டைக் காட்டி, ஒரே லைனில் நிற்கும் இருவரில், ஒருவனுடைய கழுத்துப் பட்டை ஒரு நிறம், மற்றவனுடையது வேறு நிறம். முதல்வன் பர்மனென்ட், இரண்டாமவன் கான்ட்ராக்ட். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தபின்னும், கான்ட்ராக்ட்காரனுக்கு எஜமானர், எங்கோ மாடியில் ஓர் அறையும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் வைத்திருக்கும் கான்ட்ராக்டரே. ஊரில் அவன் "கம்பெனியில் இருக்கிறான்", காகிதத்தில் இல்லை. இந்நுட்பம் அதிகமாக வெளிப்படுவது பெண் பார்க்கும் வைபவத்தில். ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி அனுப்பும் ஒரு பெண்ணின் தகப்பனாரும், பிள்ளையின் தாய்மாமனும் நடத்திய சம்வாதத்தைக் குறித்துக்கொண்டோம்.

"பையன் எங்கீங்க இருக்கறாரு?"

"கம்பெனியிலதானுங்க."

"பர்மனென்ட்டுங்களா?"

"கம்பெனி பஸ்ஸுலதான் போயிட்டு வர்றானுங்க."

"அது சரிங்க. பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

"மூணு வேளையும் கம்பெனி கேன்டீன்லதான் சாப்பாடுங்க! வெளியாளுக்குச் சோறு போடுவாங்களா, நீங்களே சொல்லுங்க."

தாய்மாமனுக்கு இலத்தீன் தெரியாது. ஆயினும் 'உடனுண்பவனே கம்பெனியான்' என்னும் மூலசூத்திரத்தை இவ்வளவு கச்சிதமாகப் பிரயோகித்த வித்துவானை நாம் எங்கும் கண்டதில்லை. இச்சூத்திரத்தை நீதிமன்றங்கள் ஏற்குமாயின் ஒசூர் வட்டாரத்துக் கான்ட்ராக்ட் தொழிலாளர் அனைவரும் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் நிரந்தரமாகிவிடுவர். ஆனால் உண்பவன் நிலை இருக்கட்டும், பரிமாறுபவனே கம்பெனி ஆளா என்ற தகராறு உச்ச நீதிமன்றம்வரை ஏறியிருக்கிறது. 1999-இல் இந்தியன் பெட்ரோகெமிக்கல்ஸ் வழக்கில் அந்நீதிமன்றம், சட்டப்படி நடத்தவேண்டிய கேன்டீனில் வேலை செய்பவர், தொழிற்சாலைகள் சட்டத்தின் காரியத்துக்கு மட்டும் அந்த ஆலையின் தொழிலாளரே; மற்றெல்லாக் காரியங்களுக்கும் அவ்வாறு ஆகிவிடமாட்டார் என்று கூறிற்று. கரண்டி கையிலிருக்கும்போது ஒரு சட்டத்தின் பார்வையில் கம்பெனிக்கு உள்ளே. மற்றச் சட்டங்களின் பார்வையில் வெளியே.

இத்தீர்ப்பின் சாரத்தைப் பெண்ணின் தகப்பனாருக்கு எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப எங்க பொண்ணு எந்தக் காரியத்துக்குங்க சம்சாரம்?" என்றார்.